தீனி போடுவது யார்?

சிந்தாதிரிப்பேட்டையைச் சுற்றி வளைந்து ஓடுகிறது கூவம். ‘ஓடுகிறது’ என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். கோடையில் இந்தப் பகுதியின் ஏதாவது ஒரு பாலத்தில் நின்று கீழே எட்டிப் பாருங்கள். அசையாத கறுப்புத் தண்ணீரில் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குமிழி கிளம்பும், மேலே வந்து உடையும். மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறவர்களுக்கு அது கூவம் நாற்றம், அவ்வளவுதான். ஆனால் அந்தக் குமிழிக்குள் பெரும்பங்கு இருப்பது மீத்தேன். சிஎன்ஜி ஆட்டோக்கள் டாங்கில் நிரப்பிக்கொண்டு ஓடுகின்றனவே, அதே வாயு.

இதே மாதிரிக் குமிழியை 1776ஆம் ஆண்டு இத்தாலியில் மஜ்ஜோரே ஏரியில் ஒருவர் பார்த்தார். கரைச் சேற்றைக் கழியால் கிளறி, எழும்பிய குமிழிகளைக் கவிழ்த்த பாட்டிலில் பிடித்துத் தீ வைத்தார். நீல நிறத்தில் எரிந்தது. பின்னாளில் மின்கலத்தைக் கண்டுபிடித்த அலெஸாண்ட்ரோ வோல்ட்டாதான் அவர். வோல்ட்டாவுக்குக் கழி வேண்டியிருந்தது. கூவத்துக்கு அதுகூட வேண்டாம்.

காற்றுப் புகாத இடத்தில் எது அழுகினாலும் இந்த வாயு வரும். சாணம், சோறு, வாழைமட்டை, மீன் குடல், மனிதக் கழிவு என்று பேதம் பார்ப்பதில்லை. பிடித்துவைத்தால் எரிபொருள். விட்டுவிட்டால் வானத்துக்குப் போய், நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைப்போல ஏறத்தாழ 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். இதில் புரியாத விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. நூறு வருடத்துக்கு முன்பே எல்லாம் தெரிந்தாகிவிட்டது. 1895ல் இங்கிலாந்தின் எக்ஸெட்டர் நகரில் கழிவுநீர்த் தொட்டியிலிருந்து வந்த வாயுவில் தெருவிளக்கு எரிந்தது. 1897ல் பம்பாய் மாதுங்கா தொழுநோய் இல்லத்தில் கழிவிலிருந்து வாயு எடுக்க ஏற்பாடு செய்தார்கள். அப்படியிருந்தும் உயிரிவாயு என்றால் இன்றைக்கும் ஏன் ‘புதிய முயற்சி’ என்றே செய்தி வருகிறது? தொடங்கிவைத்த படம் பத்திரிகையில் வந்த பல கலன்கள் ஏன் நான்கைந்து வருடத்தில் துருப்பிடிக்கின்றன?

பதிலைத் தேட சென்னையை விட்டு எங்கும் போக வேண்டாம். சிந்தாதிரிப்பேட்டையிலிருந்தே தொடங்கலாம்.

பம்பிங் ஸ்டேஷன் ரோடு

1734ஐ ஒட்டி, கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துணி நெய்வதற்காகத் தறிக்காரர்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய ஊர் இது. கோயில் கட்டி, தெரு பிரித்து, நெசவுக்காக உண்டான பேட்டை. இன்று மெட்ரோ வாட்டர் என்று நாம் சொல்லும் சென்னைக் குடிநீர் வாரியத்தின் தலைமை அலுவலகம் இங்கேதான், மே தினப் பூங்கா பக்கம், பம்பிங் ஸ்டேஷன் ரோடில் இருக்கிறது. சாலைக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. சென்னையின் பாதாளச் சாக்கடையை 1910ல் திட்டமிட்டபோது, 1961ல் நகரத்தில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள், ஆளுக்கு நாளொன்றுக்கு 114 லிட்டர் என்று கணக்குப் போட்டார்கள். ராயபுரம், புரசைவாக்கம், நேப்பியர் பார்க் என்று மூன்று இடத்தில் நீரேற்று நிலையம். அந்த நேப்பியர் பார்க்தான் இன்றைய மே தினப் பூங்கா. மூன்று நிலையத்துக் கழிவுநீரையும் ஒரே குழாயில் சேர்த்துத் தள்ளிக் காசிமேட்டுக் கடலில் விட்டார்கள். நகரம் சாப்பிட்டுச் செரித்ததெல்லாம் ஒரு யூனிட் மின்சாரம்கூடத் தராமல் வங்காள விரிகுடாவுக்குப் போனது.

மக்கள்தொகைக் கணக்குப் பொய்த்தது. 1961லேயே மாநகராட்சி எல்லைக்குள் 17 லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். கழிவுநீர் கடலுக்குப் போவது நின்று பண்ணைகளுக்குப் போனது, பிறகு சுத்திகரிப்பு நிலையங்களுக்கு. 2005-06ஐ ஒட்டி, நதிகளைக் காக்கும் திட்டத்தில் நான்கு பெரிய நிலையங்கள் எழுந்தன. கொடுங்கையூரில் நாளொன்றுக்கு 110 மில்லியன் லிட்டர், கோயம்பேட்டில் 60, பெருங்குடியில் 54, நெசப்பாக்கத்தில் 40. இந்த நான்கிலும் அதுவரை சென்னை பார்க்காத ஒன்று இருந்தது: கழிவிலிருந்து வாயு எடுத்து, அந்த வாயுவில் ஓடும் எஞ்சின்.

இது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். வந்து சேரும் சாக்கடையில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் கழிவு; மீதி வெறும் தண்ணீர். முதலில் கம்பி வலையில் துணி, பிளாஸ்டிக், ஷாம்பு பாக்கெட், முடிக்கற்றை எல்லாம் மாட்டும். அடுத்து மணல் இறங்கும். பிறகு பெரிய வட்டத் தொட்டியில் தண்ணீரை அசையாமல் நிறுத்தினால், கூழ்போல ஒன்று அடியில் படியும். ஆட்கள் அதை ‘ஸ்லட்ஜ்’ என்பார்கள். மேலே நிற்கும் தண்ணீரைக் காற்றுத் தொட்டிக்கு அனுப்பி, ராட்சத ஊதிகளால் இரவு பகலாகக் காற்றடித்து, அதிலுள்ள நுண்ணுயிரிகளை வளர்க்க வேண்டும். நிலையத்தின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் இந்த ஊதிகளே குடித்துவிடும். வளர்ந்த நுண்ணுயிரிகளும் கடைசியில் ஸ்லட்ஜாகப் படியும். எல்லா ஸ்லட்ஜையும் கெட்டியாக்கி, மூடிய கான்கிரீட் கலனுக்குள் அனுப்புகிறார்கள். அதுதான் டைஜஸ்டர்.

டைஜஸ்டர் ஒரு மாட்டு வயிறு. இதை அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. மாட்டின் முதல் இரைப்பையில் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிரிகளும் இந்தக் கலனில் இருப்பவையும் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை. முதலில் ஒரு கூட்டம் பெரிய பொருட்களை உடைக்கும், அடுத்தது அவற்றை அமிலமாக்கும், கடைசிக் கூட்டம்தான் மீத்தேனைத் தரும். இந்தக் கடைசிக் கூட்டம் மகா நோஞ்சான். மெதுவாகத்தான் பெருகும், ஆக்சிஜன் பட்டால் செத்துவிடும், புளிப்பு ஏறினால் வேலையை நிறுத்திவிடும். 35 டிகிரிச் சூடு இருந்தால் சந்தோஷமாக இருக்கும். ஐரோப்பாவில் குளிர்காலத்தில் உண்டான வாயுவிலேயே ஒரு பங்கை எரித்துக் கலனைச் சூடாக்க வேண்டியிருக்கிறது. அந்தச் செலவைச் சென்னை வெயில் பெருமளவு மிச்சப்படுத்திவிடுகிறது. நாம் திட்டித் தீர்க்கும் வெயில் உருப்படியாகச் செய்யும் வேலைகளில் இது ஒன்று.

மூன்று வாரம், நான்கு வாரம் உள்ளே கிடந்தபின் வரும் வாயுவில் 60 சதவீதத்தை ஒட்டி மீத்தேன், மீதியில் பெரும்பங்கு கரியமில வாயு, கொஞ்சம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. கடைசியில் சொன்னதை நீக்காவிட்டால் எஞ்சினை அரித்துவிடும். நீக்கியபின் வாயு எஞ்சினுக்குப் போகும். கொடுங்கையூர், கோயம்பேடு, பெருங்குடி எஞ்சின்கள் ஒவ்வொன்றும் சுமார் 1 மெகாவாட் தரக்கூடியவை. நெசப்பாக்கத்தில் அதில் பாதிக்கும் குறைவு. வெளியே விற்பதற்கல்ல. அந்த ஊதிகளையும் பம்புகளையும் ஓட்டுவதற்கு. கழிவுநீரே தன்னைச் சுத்தம்செய்ய ஆகும் மின்சாரத்தில் பெரும்பங்கைத் தானே கொடுக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழைத்தண்ணீர் சாக்கடைக்குள் புகுந்தால் கழிவு நீர்த்துப்போகும், வாயு குறையும். எஞ்சினைப் பிரித்து மராமத்து பார்க்கும் நாட்களில் வாயுவைச் சும்மா எரித்து விட வேண்டும். ஆனாலும் இந்த ஏற்பாடு தாக்குப்பிடித்ததற்கு ஒரே காரணம், கலனுக்குத் தீனி போட யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை என்பது. ராத்திரி மூன்று மணிக்கும் வரும், பொங்கல் அன்றைக்கும் வரும், வேலைநிறுத்தம் நடந்தாலும் வரும். குழாய் கொண்டுவந்து கொட்டிவிடும்.

ஒரே ஊர், இரண்டு கலன்

இப்போது கோயம்பேட்டுக்கே போகலாம். அங்கே 1996ல் திறந்த மொத்த விற்பனை மார்க்கெட்டில் காய்கறி, பழம், பூ என்று ஆயிரக்கணக்கான கடைகள். விடியும்போதே முட்டைக்கோஸ் இலை, காலிஃப்ளவர் தண்டு, அழுகிய தக்காளி, வாழைத்தார் மட்டை எல்லாம் மலைமலையாகக் குவிந்து கிடக்கும். நாளொன்றுக்கு நூறு டன்னுக்கு மேல். சாக்கடை ஸ்லட்ஜோடு ஒப்பிட்டால் இது விருந்து. நுண்ணுயிரிகளுக்கு இதைவிடச் சத்தான தீனி கிடையாது.

2005ல் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சிஎம்டிஏ) அங்கே ஓர் உயிரிவாயு ஆலை அமைத்தது. நாளொன்றுக்கு 30 டன் காய்கறிக் கழிவு, கால் மெகாவாட் அளவுக்கு மின்சாரம். மத்திய அரசின் மரபுசாரா எரிசக்தித் துறை பணம் தந்தது, அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொழில்நுட்பத்துக்கு வழிகாட்டியது. மின்வாரியக் கட்டமைப்புக்கு மின்சாரமும் போனது. நாட்டிலேயே முன்னோடி என்று பேசப்பட்டது. பல மாநிலத்தார் வந்து பார்த்தார்கள். பிறகு தடுமாறியது, நின்றது, நீண்ட காலம் சும்மா கிடந்தது.

ஒரே கோயம்பேடு. சில கிலோமீட்டருக்குள் இரண்டு கலன். சத்துக் குறைந்த தீனி தின்றது ஓடியது, விருந்து கிடைத்தது நின்றது. எனக்கு இந்த ஜோடியைவிடப் பெரிய பாடம் எந்த ஆய்வறிக்கையிலும் கிடைக்கவில்லை.

மார்க்கெட் கழிவு என்று நாம் சொல்வது காய்கறி மட்டுமல்ல. சணல் சாக்கு, வைக்கோல், பிளாஸ்டிக் கயிறு, தெர்மாகோல், பூக்கட்டும் நார், டீ கப் எல்லாம் சேர்ந்ததுதான் குப்பை. வாழைத்தண்டின் நார் அரவை இயந்திரத்தின் அச்சில் சுற்றிக்கொள்ளும். நெகிழித்தாள் கலனுக்குள் போய் மேலே மிதந்து ஏடுபோலக் கட்டிக்கொள்ளும். அடியில் உண்டாகும் வாயு மேலே வர முடியாது. மணல் அடியில் சேர்ந்து கலனின் கொள்ளளவைத் தின்றுவிடும். மாம்பழ சீசனில் ஒரேயடியாகச் சர்க்கரைச் சத்துள்ள பழத்தைக் கொட்டினால் கலன் புளித்து, அந்த நோஞ்சான் கூட்டம் செத்துப்போகும். மறுபடி சாணம் ஊற்றி உயிர்ப்பிக்க வாரக்கணக்கில் ஆகும். ஆக, யாராவது தினமும் நின்று பிரிக்க வேண்டும், அளந்து கலக்க வேண்டும், நறுக்க வேண்டும். குழாய் செய்த வேலையை மனிதக் கை செய்ய வேண்டும். அந்தக் கைக்கு யார் சம்பளம் கொடுப்பது என்ற கேள்வி எழும்போதுதான் ஆலை தள்ளாட ஆரம்பிக்கிறது.

காகிதத்தில் கணக்குப் போட்டால் நாக்கில் எச்சில் ஊறும். ஒரு டன் சமையலறைக் கழிவிலிருந்து ஏறக்குறைய 100 கன மீட்டர் வாயு எடுக்கலாம். ஒரு கன மீட்டர் உயிரிவாயு 450 கிராம் எல்பிஜிக்குச் சமம். அப்படியானால் ஒரு டன் என்பது மூன்று சமையல் சிலிண்டர். சென்னை நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை போடுகிறது. அதில் பாதி ஈரக் கழிவு என்று வைத்தாலும் தினமும் ஏழாயிரத்துச் சொச்சம் சிலிண்டர்! இந்த மாதிரிக் கணக்குகளை மேடையில் கேட்டிருப்பீர்கள். கணக்கு தப்பில்லை. அந்த 2,500 டன்னும் நெகிழி கலக்காமல், அழுகி நீர் வடிவதற்கு முன், ஓரிடத்துக்கு வந்து சேர வேண்டும் என்ற ஒரே ஒரு வரியைத்தான் மேடையில் விட்டுவிடுகிறார்கள்.

இந்தூரில் அந்த வரியை விடவில்லை. 2022 பிப்ரவரியில் அங்கே நாளொன்றுக்கு 550 டன் ஈரக் கழிவு தின்னும் ஆலையைத் திறந்தார்கள். வாயுவைச் சுத்திகரித்து நகரப் பேருந்துகளுக்கும் தருகிறார்கள். ஆலையைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் கலனின் உயரத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். உண்மையான சாதனை கலனில் இல்லை. அதற்குப் பல வருடம் முன்பே வீட்டு வாசலில் வண்டி நிற்கும்போதே ஈரம் வேறு, காய்ந்தது வேறு என்று பிரித்து வாங்கப் பழக்கிவிட்டார்கள். தீனி முதலில் தயாரானது, வயிறு பிறகு வந்தது. நாம் பெரும்பாலும் வயிற்றை முதலில் கட்டிவிட்டுத் தீனியைத் தேடுகிறோம்.

சென்னை ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. சேத்துப்பட்டில், அதே கூவத்தின் கரைப் பகுதியில், நாளொன்றுக்கு 100 டன் கழிவைத் தாங்கும் பயோ சிஎன்ஜி ஆலை வந்திருக்கிறது. ஓட்டல், கல்யாண மண்டபம் மாதிரி மொத்தமாகச் சாப்பாட்டுக் கழிவு வரும் இடங்களே இந்த மாதிரி ஆலைக்கு ஏற்றவை. ஓட்டல்காரர் இலையையும் சோற்றையும் பிரிக்க நாலு கை இருந்தால் போதும். நாலு லட்சம் வீட்டை வழிக்குக் கொண்டுவருவது வேறு விஷயம்.

சாணம் தீர்ந்த ஊர்கள்

கிராமத்தில் கதை இன்னும் பழையது. 1950களில் ஜஷ்பாய் படேல் செய்த மிதக்கும் இரும்புக் கொப்பரை மாடலைக் கதர் கிராமத் தொழில் ஆணையம் 1960களில் ஊரூராகக் கொண்டுபோனது. 1981ல் தேசியத் திட்டம் வந்தது. 1984ல் செங்கல் குவிமாடம் வைத்த ‘தீனபந்து’ மாடல் வந்து செலவைக் குறைத்தது. நாடு முழுக்க ஏறத்தாழ 50 லட்சம் கலன்கள் கட்டியதாக அரசுக் கணக்கு. தமிழ்நாட்டில் ‘கோபர் கேஸ்’ என்றால் தெரியாத விவசாயி அந்தக் காலத்தில் இல்லை. சமையலறையில் புகை போனது, கரி அப்பிய பாத்திரம் போனது, கலனிலிருந்து வழியும் கழிவு வயலுக்கு நல்ல எரு.

ஆனால் சாணக் கணக்கு ரொம்பக் கறாரானது. ஒரு கன மீட்டர் வாயுவுக்கு 25 கிலோ சாணம். ஒரு 14.2 கிலோ சிலிண்டருக்குச் சமமான வாயு வேண்டுமென்றால் ஏறக்குறைய 800 கிலோ சாணம் கரைத்து ஊற்ற வேண்டும். நான்கைந்து மாடு கொட்டிலில் நின்றால்தான் ஒரு குடும்பத்துக்குக் காலை, மாலை அடுப்பு எரியும். டிராக்டர் வந்தது, உழவு மாடு போனது. 2006ல் ஆட்சிக்கு வந்த திமுக அரசு இலவச எரிவாயு அடுப்பு கொடுத்தது. 2016ல் மத்திய அரசின் உஜ்வலா எரிவாயுத் திட்டம் வந்தது. சாணம் கரைக்கும் வேலை வீட்டுப் பெண்கள் தலையில்தான் இருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு குமிழைத் திருப்பினால் தீ வரும்போது, விடிகாலையில் முழங்கை வரை சாணத்தில் விட்டுக் கலக்கு என்று அவர்களிடம் சொல்ல யாருக்கு வாய் வரும்? கலன் கைவிடப்பட்டதைக் ‘கிராம மக்களின் விழிப்புணர்வின்மை’ என்று எழுதிய அறிக்கைகளைப் படிக்கும்போது எரிச்சல்தான் வருகிறது. அந்தப் பெண்கள் சரியாகத்தான் கணக்குப் போட்டார்கள்.

தரமணியில் முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையத்தை வழிநடத்திய சி.வி.சேஷாத்ரி இதையெல்லாம் அப்போதே யோசித்தவர். ஆற்றலை எந்தக் கணக்கில் அளக்கிறோம், அந்தக் கணக்கில் ஏழையின் உழைப்பும் சாணமும் ஏன் விழுவதில்லை என்று கேட்டார். இன்று அவர் பெயரைச் சொன்னால் சென்னையிலேயே பலருக்குத் தெரியாது.

மாடு குறைந்த ஊரில் கோழி பெருகியது. நாமக்கல்லில் கோடிக்கணக்கான முட்டைக்கோழிகள் கூண்டில் நிற்கின்றன. எச்சம் கூண்டுக்கு நேர் கீழே, ஒரே இடத்தில் விழுகிறது; யாரும் தெருத்தெருவாகப் பொறுக்க வேண்டாம். புதுச்சத்திரம் பக்கம் கோழி எச்சத்தில் ஓடும் ஆலை அப்படித்தான் சாத்தியமானது. 2018 அக்டோபரில் மத்திய அரசு ‘சதத்’ திட்டத்தைத் தொடங்கியபோது, அழுத்தப்பட்ட உயிரிவாயுவை எண்ணெய் நிறுவனங்கள் வாங்கிக்கொள்ளும் என்று உறுதி தந்தது. அந்த வாயு பங்க்குக்கு வந்த முதல் சில இடங்களில் நாமக்கல்லும் ஒன்று. கோழி எச்சத்தில் நைட்ரஜன் அதிகம், அம்மோனியா ஏறி நுண்ணுயிரிகளை முடக்கும். அதனால் வேறு கழிவோடு கலந்து பக்குவம் பார்க்க வேண்டும். சேலம் வட்டார ஜவ்வரிசி ஆலைகளிலும் கிழங்கு கழுவிய நீரிலிருந்து வாயு எடுத்து அங்கேயே மாவு உலர்த்தப் பயன்படுத்துகிறார்கள். ஆலை முற்றத்திலேயே தீனி, ஆலை முற்றத்திலேயே தேவை.

சதத்தின் இலக்கு 2023க்குள் 5,000 ஆலைகள். அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை. காரணத்தை இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

எரிக்கிற கதையும் அதேதான்

அழுகவைப்பது ஒரு வழி. நேரடியாக எரிப்பது இன்னொன்று. உயிர்ப்பொருள் மின்சாரம் என்று அரசு ஆவணங்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். தமிழ்நாட்டில் இந்த வகையில் ஆயிரம் மெகாவாட்டை ஒட்டி நிறுவப்பட்டிருக்கிறது. அதில் பெரும்பங்கு சர்க்கரை ஆலைகளுடையது. கரும்பைப் பிழிந்தால் எடையில் 30 சதவீதம் சக்கையாக மிஞ்சும். அது லாரி ஏறி வர வேண்டாம், ஆலைக்குள்ளேயே மலையாகக் கிடக்கிறது. பழைய கொதிகலன்களில் அதை எப்படியாவது தீர்த்தால் போதும் என்று எரித்தார்கள். உயரழுத்தக் கொதிகலன் வந்தபின் ஆலைத் தேவை போக மிச்ச மின்சாரத்தை விற்கவும் முடிந்தது. சக்கைக்குப் போட்டியும் உண்டு. கரூர் பக்கம் புகளூரில் இருக்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் அதே சக்கையில்தான் காகிதம் செய்கிறது. சக்கையைக் கொடுத்துவிட்டு, நீராவிக்கு நிலக்கரியை வாங்கிக்கொண்ட சர்க்கரை ஆலைகளும் உண்டு. நீங்கள் படித்து மடித்துவைத்த பேப்பர் ஒருவகையில் எரிக்காமல் விட்ட மின்சாரம்.

கரும்பு இல்லாத சீமையில் என்ன செய்தார்கள்? ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் வட்டாரத்தில் சீமைக் கருவேலத்தை நம்பித் தனி ஆலைகள் கட்டினார்கள். யாரும் வேண்டாம் என்று சொல்லும் மரம், தண்ணீர் விடாமலே வளர்கிறது, வெட்டினால் ஊருக்கும் நல்லது என்பது கணக்கு. ஆலை வந்தவுடன் யாருக்கும் வேண்டாத மரத்துக்கு விலை வந்துவிட்டது. கரிமூட்டம் போடுகிறவர்கள் ஒரு பக்கம், செங்கல் சூளைக்காரர்கள் இன்னொரு பக்கம் கேட்டார்கள். வெட்டுக்கூலி, ஏற்றுக்கூலி, லாரி வாடகை ஏறியது. மின்வாரியம் தந்த விலை அந்த வேகத்தில் ஏறவில்லை. பல தனி ஆலைகள் கொதிகலனை அணைத்துவிட்டன. இலவசம் என்று நம்பிய தீனிக்கு விலைச்சீட்டு ஒட்டுவதற்கு முதல் ஆலை போதும்.

மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி, மரத்தை ஆற்றலாக்கும் இந்த வேலையைச் சின்ன அளவில் செய்தது. 2000களின் தொடக்கத்தில், மரக்கழிவை வாயுவாக்கும் 9 கிலோவாட் கருவியைக் குடிநீர் பம்ப்புக்காக வைத்தார்கள். அன்றைய தலைவர் ஆர்.சண்முகம் அதோடு நிற்கவில்லை. 2006ல் ஊராட்சியே 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. உலகமே வந்து பார்த்தது காற்றாலையைத்தான். காற்றுக்குத் தீனி வெட்டி நறுக்க வேண்டாமே.

ஜெர்மனியில் ஒன்பதாயிரத்துக்கு மேல் உயிரிவாயு ஆலைகள் இருப்பதை நம் ஊரில் அடிக்கடி உதாரணம் காட்டுகிறார்கள். அவற்றில் பெரும்பங்கு கழிவால் ஓடவில்லை. மானியம் கொடுத்து, விளைநிலத்தில் மக்காச்சோளம் விதைத்து, அதை வெட்டிக் கலனில் போட்டார்கள். தீனிப் பிரச்னையை அவர்கள் தீர்த்த விதம் அது. நிலமும் தண்ணீரும் இத்தனை தட்டுப்பாடான தமிழ்நாட்டுக்கு அந்த வழி வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து.

அதே வாயு

கலனுக்குள் உண்டாகும் வாயு அடைத்த சாக்கடைக்குள்ளும் உண்டாகிறது. சிந்தாதிரிப்பேட்டையின் எந்தத் தெருவிலும் மேன்ஹோல் மூடியைத் தூக்கினால் மேலே வருவது அதே மீத்தேன், அதே ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகிய முட்டை நாற்றம் கொஞ்சம் இருக்கும்போதுதான் தெரியும். அளவு ஏறினால் மூக்கு மரத்துவிடும், நாற்றம் போய்விட்டது என்று நினைத்து ஆள் இறங்குவார். ஓரிரு மூச்சில் மயங்கி விழுவார். தூக்கப்போன இரண்டாவது ஆளும் விழுவார். தமிழ்நாட்டில் இது எத்தனை முறை செய்தியாகிவிட்டது! பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதரை இறக்கக் கூடாது என்று 2013ல் சட்டம் வந்தது. 2014ல் உச்ச நீதிமன்றம் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றது, 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. கொடுங்கையூரில் வாயு மானி, சல்ஃபைடு நீக்கி, தீ அணைப்பான் எல்லாம் வைத்து எஞ்சினை அத்தனை பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறோம். அந்த எஞ்சினுக்கு வரும் குழாயின் இன்னொரு முனையில் நிற்கிறவருக்கு அதில் பாதி ஏற்பாடுகூட இருந்ததில்லை.

பசுமை ஆற்றல் பேசுகிறவர்கள் இந்த மனிதர்களைத் தங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்க்காமல் கணக்கு நேராகாது. சாக்கடையில் அடைப்பு எடுப்பவர், வீட்டு வாசலில் குப்பையை வாங்குபவர், மார்க்கெட்டில் தட்டிலிருந்து நெகிழியைப் பொறுக்குபவர். கலனுக்குத் தீனி போடுகிறவர்கள் இவர்கள்.

2025 மே மாதம் வட சென்னை மக்கள் மனிதச் சங்கிலி அமைத்தார்கள். கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை வேண்டாம் என்பது கோரிக்கை. நம் குப்பையில் ஈரம் அதிகம். ஈரத்தை எரிப்பது என்றால் முதலில் தண்ணீரைக் கொதிக்கவைப்பதற்கே சூடு போய்விடும். மிச்சத்தில் வரும் மின்சாரத்துக்காக, ஏற்கெனவே அனல்மின் நிலையமும் பெட்ரோலிய ஆலையும் உரத் தொழிற்சாலையும் சூழ்ந்த பகுதியில் இன்னொரு புகைக்கூண்டா என்று அவர்கள் கேட்டது நியாயம். எரிப்பு ஆலை ஏன் நிர்வாகத்துக்குப் பிடிக்கிறது என்பதும் ரகசியமல்ல. அதற்குப் பிரித்த குப்பை வேண்டாம். கலந்ததைக் கொட்டலாம். பிரிக்கும் கையைத் தேட வேண்டாம்.

மூன்றே மாதத்தில் அந்தக் கைகள் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தன. சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து நடந்தே போகும் தூரம். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாருக்குக் கொடுப்பதை எதிர்த்து, 2025 ஆகஸ்ட் மாதம் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் நடைபாதையிலேயே இருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். வாங்கிக்கொண்டிருந்த சம்பளம் குறைந்துவிடும் என்பது அவர்கள் பயம். ஆகஸ்ட் 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. உயிரிவாயு மாநாடுகளில் யாரும் இதைப் பற்றிப் பேசியதாகத் தெரியவில்லை. ஆனால் சென்னையின் கலன்கள் ஓடுமா நிற்குமா என்பதை எந்தத் தொழில்நுட்பத்தையும்விட அந்த நடைபாதைதான் தீர்மானிக்கும்.

இனி வரும் சில வருடங்களில் பணம் இந்தப் பக்கம் வரப்போகிறது. நகரங்களுக்குக் குழாயிலும் பங்க்கிலும் எரிவாயு விற்கும் நிறுவனங்கள் அதில் ஒரு பங்கு உயிரிவாயுவைக் கலந்தாக வேண்டும் என்று மத்திய அரசு விதித்திருக்கிறது. 2025-26ல் 1 சதவீதம், படிப்படியாக ஏறி 2028-29ல் 5 சதவீதம். வாங்க ஆள் இருக்கிறது என்றால் ஆலை கட்ட ஆள் வருவார்கள். ஈரக் குப்பைக்கு விலை வரும். சீமைக் கருவேலத்துக்கு வந்ததுபோல.

சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நின்றால் அந்த விலை யாருக்குப் போக வேண்டும் என்பது கண்ணுக்கு நேரே தெரியும். வஞ்சிரமும் சங்கராவும் பையில் ஏறிப் போகின்றன. அருவாமனைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் அம்மா செதிலைச் சீவி ஒரு பக்கம் தள்ளுகிறார். குடலையும் செவுளையும் இன்னொரு பக்கம், காலடி வாளியில் போடுகிறார். ஐஸ் தண்ணீர் தனியாக வடிகிறது. யாரும் சொல்லிக்கொடுக்காமல், எந்த விழிப்புணர்வு முகாமும் நடக்காமல், வேலையின் போக்கிலேயே பிரிந்துவிடுகிறது. மீன் குடலில் கொழுப்பும் புரதமும் அதிகம். காய்கறிக் கழிவோடு பக்குவமாகச் சேர்த்தால் டன்னுக்குக் கிடைக்கும் வாயு கூடும். அந்த அம்மாவுக்கு இன்றைய கூலி கிலோவுக்கு இவ்வளவு என்று மீன் வாங்குகிறவர் கொடுப்பது மட்டும்தான். வாளிக்கு ஒன்றும் இல்லை. மதியம் வண்டி வரும். அவர் தனியாக வைத்ததைத் தெர்மாகோல் பெட்டியோடும் நெகிழிப்பையோடும் சேர்த்து ஒரே தொட்டியில் கவிழ்த்துக்கொண்டு போகும்.